துரையின் வாலில் ஒட்டு

இருபத்தாறு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவருக்கு எதைக் கண்டும் அவ்வளவு சீக்கிரம் தூக்கிவாரிப் போடாது. எட்டாவது மாடியில், நான்கு கயிற்றில் ஒன்று அறுந்துபோன கூண்டின் மேல் நின்றுகொண்டு டீ குடித்தவர் அவர். கரண்டும் பலமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஆள் திருந்த மாட்டார் என்று விட்டுவிட்டது. அப்படிப்பட்ட லிஃப்ட்காரர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு, தன் வீட்டுக் கூடத்தில், ஒரு சேவலின் வாலைப் பார்த்துப் பேயறைந்தவர் போல நின்றார்.

வாலைக் கையில் வைத்திருந்தவர் அளவுக்காரர். நீளவால் கோழி வளர்ப்போர் சங்கத்தில் அவருக்கு அதுதான் பெயர். வேறு பெயர் இருந்திருக்கலாம், கேட்க யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஒல்லியான மனிதர், வெள்ளை உறை மாட்டிய கை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் பூதக்கண்ணாடி. தரையில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் ஆறு நீள இறகுகளையும் பிரித்துப் போட்டு, ஒவ்வொன்றையும் வேரிலிருந்து நுனிவரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். விரல் எங்கும் தடுக்கவில்லை. கண்தான் பாதி வழி தாண்டியதும் ஓரிடத்தில் நின்றது. பூதக்கண்ணாடியை எடுத்தார். குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"தம்பி, இந்த இடத்துக்கு மேல இது இடப்பக்கத்து இறகு. கீழ வலப்பக்கத்து இறகு. எனக்குத் தெரிஞ்சு எந்தச் சேவலும் நடுவழியில பக்கம் மாறாது."

லிஃப்ட்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. அளவுக்காரர் பொறுமையாகக் காட்டினார். இறகின் நடுவில் ஒரு தண்டு. தண்டின் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல். வாலின் இடப்பக்கத்தில் முளைப்பதற்கும் வலப்பக்கத்தில் முளைப்பதற்கும் இந்த அகலம் நேர் எதிராக இருக்கும், இடது கால் செருப்பும் வலது கால் செருப்பும் மாதிரி. இங்கே வேரிலிருந்து ஏறக்குறைய எட்டடி வரை இடது கால் செருப்பு. அதற்குக் கீழே ஆறடிக்கு வலது கால் செருப்பு. இரண்டும் சேருமிடத்தில், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற அளவுக்கு, மயிரிழையில் ஒரு கட்டு.

"ஒட்டு போட்டிருக்கு," என்றார் அளவுக்காரர்.

லிஃப்ட்காரருக்குக் காது அடைத்துக்கொண்டது. சேவல் துரை என்ன செய்தான் என்றால், ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாலைப் பற்றித்தான் பேச்சு என்பது அவனுக்குத் தெரியவில்லை.

துரை இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருடம். ஒரு பெரிய பங்களாவில் லிஃப்ட் மாட்டப் போனபோது அங்கே உயரமான கம்பின் மேல் ஒரு சேவல் உட்கார்ந்திருந்ததையும், அதன் வால் கம்பிலிருந்து தரை வரை வந்து அங்கேயும் நிற்காமல் ஓடியதையும் லிஃப்ட்காரர் பார்த்தார். அன்று அவர் இரண்டு முறை நட்டை மாற்றி முடுக்கினார். அதற்கு முன்னும் பின்னும் அவர் நட்டை மாற்றி முடுக்கியதே இல்லை. வேலை முடிந்ததும் பங்களாக்காரர், கால்விரல் கோணலாக இருந்ததால் கழித்துக்கட்டிய ஒரு குஞ்சைத் தூக்கிக் கொடுத்தார். அதுதான் துரை. அந்த ஜாதியில் சேவலுக்கு வால் இறகு உதிராது. நம் தலைமுடி மாதிரி வேரிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்கும். பராமரிப்பவருக்குத்தான் முடி உதிரும்.

அவர்கள் குடியிருந்தது பழைய கட்டடம், கூரை பன்னிரண்டடி உயரம். கூடத்து மூலையில் கூரையைத் தொடுகிற ஓர் அலமாரி செய்தார். ஓர் ஆள் நிற்கும் அகலம்தான். உள்ளே துரை உட்காரும் கம்பை லிஃப்ட் மாதிரியே கப்பியும் எதிர் எடையும் வைத்து மேலே கீழே போகும்படி அமைத்தார். வால் வளர வளரக் கம்பு உயர்ந்தது. கம்பு கூரையை முட்டிய பிறகும் வால் வளர்ந்ததால், நுனியை மெல்லிய காகிதத்தில் சுருட்டித் துணிப்பையில் போட்டார். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் குளியல். தினமும் காலையில் மொட்டைமாடியில் நடை. துரை முன்னால் நடப்பான், லிஃப்ட்காரர் வாலை ஏந்திக்கொண்டு பின்னால் போவார். கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, தலை இருக்க வால் ஆடலாமா என்று கேட்டார். ஆடத்தான் செய்தது. அந்த வீட்டில் தலை, கை, கால் எல்லாமே அந்த வால்தான்.

இப்போது வால் பதினான்கடி. பதினான்கடி என்று லிஃப்ட் ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

ஆனால் வெறும் பெருமைக்காக மட்டும் அளவுக்காரரை அவர் வரவழைக்கவில்லை. பங்களாக்காரர் காலமானதும் அங்கிருந்த கோழிகள் நோய் வந்து செத்துப்போயின. அந்த ரத்தத்தில் மிஞ்சியது துரை மட்டும். சுத்தமான ஜாதிப் பெட்டைகள் சங்கத்திடம்தான் இருந்தன. வேரிலிருந்து எட்டடியாவது தானாக வளர்த்த சேவல் என்று பதிவேட்டில் ஏறினால்தான் சங்கம் பெட்டை கொடுக்கும். ஒருமுறை தள்ளுபடியான சேவலை மறுபடி அளக்க அளவுக்காரர் வரமாட்டார். துரைக்கு வயது ஆறு முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருடம் போனால் அவனுக்கு வாரிசு என்ற பேச்சே இல்லை. பதினான்கடி இருக்கும்போது எட்டடிக்கு என்ன கவலை என்றுதான் லிஃப்ட்காரர் நேற்று இரவு நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

"உங்க கண்ணாடியில கோளாறு," என்று இப்போது சொல்லிப் பார்த்தார். அளவுக்காரர் கோபப்படவில்லை. இரண்டாவது இறகைக் காட்டினார். அதில் வலது மேலே, இடது கீழே. மூன்றாவதில் பக்கம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் கட்டு இருந்தது. நான்கு, ஐந்து, ஆறு. ஆறிலும் கட்டு. ஒவ்வொன்றுக்கும் லிஃப்ட்காரரின் முகம் ஒரு சுற்றுச் சிறுத்தது. இந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து வளர்த்தவர் அவர். ஒவ்வோர் இறகும் தனக்கு மனப்பாடம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவர். யார் வந்தது, எப்போது வந்தது, எதற்காகச் செய்தது என்று கீழ்வீட்டுக்காரர்வரை ஒவ்வொருவராக மனசுக்குள் பிடித்து உலுக்கினார். வெளியாள் யாரும் அலமாரிப் பக்கம் வந்ததே கிடையாது. சாவி அவர் இடுப்பில், இன்னொன்று ஆணியில்.

அப்போதுதான் சமையலறையிலிருந்து அவர் மனைவி டீத் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"நான்தாங்க ஒட்டினேன்."

லிஃப்ட்காரர் அவளைப் பார்த்தார். அவள் ஏதோ அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

அவளுக்கு விக் கடையில் வேலை. பதினைந்து வருடமாக வலைத்துணியில் ஒவ்வொரு முடியாகக் கோத்து முடிச்சுப் போடுகிறவள். அவள் முடிச்சு தலைக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது என்று கடை முதலாளி சொல்வார். மூன்று வருடத்துக்கு முன்னால், லிஃப்ட்காரர் வெளியூரில் புது லிஃப்ட் மாட்டப் போன எட்டு நாளில், மூன்றாம் நாள் காலை அவள் துரையை மாடிக்குத் தூக்கிப் போனாள். காற்றில் இரும்புக் கதவு அடித்துச் சாத்திக்கொண்டது. வால் கதவிடுக்கில். துரை மிரண்டு எகிறினான். வேரிலிருந்து ஒரு சாண் விட்டு ஆறு இறகும் முறிந்து, அப்போது ஏறக்குறைய ஏழடி இருந்த வாலில் ஆறடி அவள் காலடியில் கிடந்தது.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. மூங்கில் சிம்பை ஊசியாகச் சீவி, முறிந்த தண்டுக்குள் பாதியும் விழுந்த இறகுக்குள் பாதியுமாகச் செருகி, பசை தொட்டு, மேலே ஒற்றை முடியால் கட்டினாள். நிறம் பார்த்து, நீளம் பார்த்து, வரிசை பிடித்து, விக் கடையில் எப்படிச் செய்வாளோ அப்படியே செய்தாள். அங்கேதான் பிசகிவிட்டது. முடிக்கு இடம் வலம் கிடையாது. இறகுக்கு இருக்கும் என்று விக் கடையில் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

அளவுக்காரர் டீயை மறந்துவிட்டார். முப்பது வருடத்தில் நாலு ஒட்டுப் பிடித்திருப்பதாகவும், அதெல்லாம் விரல் வைத்ததுமே காட்டிக்கொடுத்துவிட்டதாகவும், இது விரலை ஏமாற்றிவிட்டதாகவும் சொன்னார். என்ன பசை என்றுகூடக் கேட்டார். திருட்டைப் பிடிக்க வந்த இடத்தில் திருடியிடம் தொழில் கற்றுக்கொள்ளப் பார்க்கிறாரே என்று லிஃப்ட்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதைவிட வேறொன்று இப்போதுதான் அவருக்கு உறைத்தது. அந்த வெளியூர்ப் பயணத்திலிருந்து அவர் திரும்பிய பிறகு, உங்கள் கையில் கிரீஸ் ஒட்டியிருக்கிறது, இனி நானே குளிப்பாட்டுகிறேன் என்று அவள் துரையை ஏற்றுக்கொண்டாள். சீவுவது, காகிதம் சுற்றுவது எல்லாம் அவள் கைக்குப் போனது. அளக்கும்போதும் வேர்ப்பக்கம் அவள், நுனிப்பக்கம் அவர். முதலில் எரிந்து விழுந்தவள் இப்போது என்னைவிடக் கோழியைத்தான் கொஞ்சுகிறாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார். மூன்று வருடம். வாராவாரம் ஒட்டு விட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அவள் குளிப்பாட்டினாள்.

"ஏன் எங்கிட்ட சொல்லலை?"

பதில் அவளிடமிருந்து வரவில்லை. பதினைந்து வயது மகள் அறைக் கதவில் சாய்ந்து நின்றிருந்தாள். எப்போது வந்து நின்றாள் என்று யாரும் பார்க்கவில்லை. அவள்தான் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் விளக்கைத் தூக்கிப் பிடித்தவள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

"நான் தெரியாம இறகை மிதிச்சப்ப எங்கூட எத்தனை நாள் பேசலை, ஞாபகம் இருக்காப்பா?"

அவருக்கு ஏதோ ஞாபகம் இருந்தது. குழந்தைக்கு அப்போது பத்து வயது இருக்கும். ஓடி வந்து மிதித்ததில் ஓர் இறகின் நுனி ஒடிந்தது. அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதில் அவருக்குப் பெருமைகூட உண்டு. ரெண்டு மூணு நாள் முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார். கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று மனைவியிடம் சொன்னதும் நினைவில் இருந்தது.

"ரெண்டு மூணு நாள் இருக்கும், பாப்பா."

"இருபத்திரண்டு நாள்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார், அவள் இல்லை என்று சொல்வாள் என்று. அவள் தட்டிலிருந்த டீயில் ஆடை படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு குழந்தையோடு இருபத்திரண்டு நாள் ஒருவன் பேசாமல் இருந்திருக்கிறான், அது அவனுக்கே தெரியவில்லை. வேறு யாராவது இப்படிச் செய்தார்கள் என்று கேள்விப்பட்டிருந்தால், அவன் மனுஷனா என்று லிஃப்ட்காரரே கேட்டிருப்பார். அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

அளவுக்காரர் குடும்ப விவகாரத்தில் தலையிடாதவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சட்டத்தைச் சொன்னார். ஒட்டோடு இருக்கிற சேவல் பதிவில் ஏறாது. ஆனால் ஒட்டுக்கு மேலே வேர்வரை இருப்பது முழுக்கத் துரை தானாக வளர்த்தது. அதில் யாருடைய கைவேலையும் இல்லை.

"வேணும்னா இப்பவே, என் கண் முன்னாடி, ஆறையும் ஒட்டுக்கு மேல வெட்டிடுங்க. மிச்சத்துல ஒரு இறகாவது எட்டடி இருந்தா எழுதிக்கிறேன். இல்லைன்னா நான் கிளம்பறேன், தம்பி. மறுபடி வர மாட்டேன்."

பதினான்கடியை வெட்டுவதா. அப்படியே விட்டால் பதினான்கடி வால் இருக்கும், பெட்டை வராது, துரையோடு எல்லாம் முடிந்துவிடும். வெட்டினால் வாலும் போய், எட்டடிக்கு ஒரு விரற்கடை குறைந்து, பெட்டையும் இல்லாமல் போகலாம். ஆறு வருடம் அவர் ஏந்திக்கொண்டு நடந்தது இந்த வாலைத்தான். துரைக்கு வலிக்காது, நகம் வெட்டுவது மாதிரிதான் என்றார் அளவுக்காரர். துரையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்.

லிஃப்ட்காரர் வெட்டு என்றார். யாரும் அசையவில்லை, இன்னொரு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஒட்டு எங்கே இருக்கிறது என்று வெறுங்கண்ணால் தெரிந்தது ஒட்டியவளுக்கு மட்டும்தான். அவள் விக் கடைக் கத்தரிக்கோலை எடுத்து வந்து துணியின் மேல் மண்டியிட்டாள். மகள் துரையைப் பிடித்துக்கொண்டாள். முதல் இறகைக் கையில் எடுத்து, விரல் நகத்தால் இடத்தைத் தொட்டு, வெட்டினாள். ஆறடி இறகு தனியாகத் துணியில் விழுந்தது. அளவுக்காரர் வேரில் நாடாவை வைத்து நீட்டினார். ஏழடி எட்டு அங்குலம்.

அவள் நிமிர்ந்து கணவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு இரண்டாவது இறகை எடுத்தாள்.

ஏழடி பத்து. மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள்.

முதல் தடவை அவர் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை, நாடாவைத்தான் பார்க்கிறாள், நாம் பின்னால் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று நினைத்தார். மூன்றாவது இறகும் விழுந்தது. ஏழடி ஏழு. அவள் நாடாவைப் பார்க்கவேயில்லை. அவள் பார்வை நேரே அவர் முகத்துக்கு வந்தது, நெற்றி, புருவம், வாய் என்று ஒரு சுற்றுச் சுற்றியது, திரும்பிப் போனது. லிஃப்ட் கூண்டுக்கு அடியில் இறங்குவதற்கு முன்னால், மெயின் சுவிட்ச் அணைந்திருக்கிறதா என்று அவர் தினமும் பார்க்கிற பார்வை அது. நான்காவதுக்கு ஏழடி ஒன்பது. இம்முறை மகளும் அவரைப் பார்த்தாள். தாயும் மகளும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி. லிஃப்ட்காரர் சிரிக்க முயன்றார். முகம் அசைய மறுத்தது. அசையாத இந்த முகத்தைத்தான் இவர்கள் இத்தனை நாளாகப் படித்திருக்கிறார்கள் என்று அப்போது அவருக்குப் புரிந்தது.

ஐந்தாவது ஏழடி பதினொன்று. அளவுக்காரர் வருத்தத்தோடு நாக்கைச் சப்புக்கொட்டினார். லிஃப்ட்காரருக்கு அந்த எண் காதில் விழுந்தது, ஆனால் உள்ளே இறங்கவில்லை. அவர் அவள் நிமிர்வதற்காகக் காத்திருந்தார், நிமிரக் கூடாதே என்று காத்திருந்தார். அவள் நிமிர்ந்தாள்.

ஆறாவது இறகை எடுத்தாள். கத்தரிக்கோலை ஒருமுறை கீழே வைத்து, மறுபடி எடுத்து, வெட்டினாள். அளவுக்காரர் வேரில் நாடாவைப் பொருத்தி, இழுத்து, குனிந்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை முதலிலிருந்து அளந்தார்.

"எட்டடி ஒண்ணரை அங்குலம்," என்றார்.

மகள் துரையை அணைத்துக்கொண்டு அவன் கழுத்தில் முகத்தைப் புதைத்தாள். அளவுக்காரர் பதிவேட்டைத் திறந்து, அடுத்த மாதம் முதல் வாரம் இரண்டு பெட்டைகள் வந்து சேரும், தனியாக வேறு கூண்டு தயார் செய்து வையுங்கள், இதே மாதிரி கப்பி வைத்தால் இன்னும் நல்லது என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். எட்டடி ஒன்றரை அங்குலம் என்பது அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைக் கேட்ட பிறகும் மனைவி லிஃப்ட்காரர் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள்.

அவர் நாற்காலியிலிருந்து இறங்கி, அவள் பக்கத்தில் துணியின் மேல், வெட்டுண்ட இறகுகளை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவள் சட்டென்று இறகுகளை அவர் காலுக்கடியிலிருந்து இழுக்கப் போனாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"என்னைப் பார்த்தா உனக்குப் பயமா இருக்கா?"

அவள் யோசித்தாள். பொய் சொல்ல யோசித்தது மாதிரி இல்லை. உண்மையிலேயே அப்படி இருக்கிறதா என்று தன்னிடமே கேட்டுப் பார்த்தது மாதிரி இருந்தது.

"பயம்னு இல்லைங்க," என்றாள். "பழகிடுச்சு."

கையெழுத்துப் போட அளவுக்காரர் பதிவேட்டையும் பேனாவையும் நீட்டினார். லிஃப்ட்காரர் வாங்கிக்கொண்டார். எந்த இடத்தில் போட வேண்டும் என்று அளவுக்காரர் விரலை வைத்துக் காட்டினார், மறுபடியும் காட்டினார். லிஃப்ட்காரருக்குக் கண் கலங்கி இடம் தெரியவில்லை.